தலைக்கோலும் கூத்துக்களமும்

ஏற்காட்டில் மே மாதத்தில் நிகழும் கோடை விழாவில் படகுப் போட்டிக்கும் நாய்க் கண்காட்சிக்கும் பரிசில் வழங்குவர். பரிசில் எதன்பொருட்டு என்பதில் ஆங்கு எவர்க்கும் ஐயமில்லை. திறனும் பரிசிலும் ஒரே களத்தில் வெளிப்படுகின்றன. அச்சேர்வராயன் மலையின் அடிவாரத்துச் சேலம் வட்டாரமோ தொழில்முறைக் கூத்துக் குழுக்கள் பல வாழும் நிலம். ஊர்தோறும் சென்று இரவு முழுதும் ஆடிப் பொருளீட்டும் அக்குழுக்களின் ஆட்டத்தை எவ்வாறு அளந்து சிறப்பித்தல் தகும்? இதுவே ஈண்டு நாம் ஆராயப் புகுந்த பொருள்.

நாடகச் சிறப்பிற்கு அளவையும் பரிசிலும் ஒருங்கே கூறும் பழஞ்சான்று சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதை. ஏழாண்டு பயின்ற மாதவி அரசன் முன் ஆடித் தலைக்கோற் பட்டமும் 1008 கழஞ்சு பொன்னும் பெறுகின்றாள். பரிசிலைக் கூறுமுன் இளங்கோவடிகள் ஆடலாசான், இசையாசிரியன், கவிஞன், தண்ணுமையோன், குழலோன், யாழோன் ஆகியோர் இலக்கணத்தையும் அரங்கின் அளவையும் முறையே வகுத்துரைக்கின்றார். அளவை குழு முழுமைக்கும் உரியது. பட்டமோ ஒருத்திக்கே உரியதாயிற்று. இவ்விடைவெளி இன்றும் தொடர்கின்றது என்பதே நம் கருத்து.

தலைக்கோல் வேத்தியற்கு உரியது, தெருக்கூத்தோ பொதுவியல், இரண்டனையும் ஒப்பிடல் பொருந்துமோ எனின், பொருந்தும். அக்காதையே கவிஞன் இருதிறத்துக் கூத்தின் நூலும் அறிந்தவனாதல் வேண்டும் என்கின்றது. பொதுவியலை அளவைக்குப் புறம்பெனத் தள்ளுதல் அடிகளுக்கு உடன்பாடன்று.

இக்கால நிலை யாது? 1952-இல் நிறுவப்பெற்ற சங்கீத நாடக அகாதெமியின் விருதும், தமிழ்நாடு இயல் இசை நாடக மன்றத்தின் வாயிலாக வழங்கப்பெறும் கலைமாமணி விருதும் தனியொருவரின் பணியைப் போற்றுவன. கூத்தரும் அவற்றைப் பெற்றுள்ளனர், அது மகிழ்தற்குரியது. எனினும் குரல் தளர்ந்தபின் வரும் பட்டம் கலைஞரை மகிழ்விக்குமேயன்றிக் குழுவை வாழ்விக்காது. இவ்விரவில் இவ்வாட்டம் ஏன் சிறந்தது என்னும் வினாவிற்கு அதனிடம் விடையில்லை.

கூத்திற்குக் களத்திலேயே பரிசில் உண்டே எனலாம். அன்பளிப்பு வந்தவுடன் ஆட்டத்தை இடைநிறுத்திக் கட்டியங்காரன் அதனை அறிவிக்கின்றான். ஆயின் அவ்வறிவிப்பு ஈந்தவர் பெயரை உயர்த்துவதே. ஆட்டத்தின் சிறப்பிற்குக் காரணம் கூறுவதன்று. வேடம் புனைந்தார்மேற் செல்லும் கண் முகவீணைக்காரர்மேலும் மிருதங்கக்காரர்மேலும் செல்வது அரிது.

பிறநாட்டு நெறி ஒன்று ஈண்டு ஒப்புநோக்கத் தக்கது. நியூயார்க்கில் பிராட்வே பேரரங்குகளுக்கு 1947 முதல் டோனி விருது உண்டு. அவற்றின் புறத்தே இயங்கிய சிற்றரங்குகளுக்கென ‘வில்லேஜ் வாய்ஸ்’ என்னும் வார இதழ் 1956-இல் ஓபி விருதினை ஏற்படுத்தியது. அவ்விருதின் பிரிவுகள் பெரும்பாலும் இறுகியன அல்ல. கண்ட சிறப்பிற்கேற்ப நடுவர் பிரிவு வகுக்கலாம். சிற்றரங்குகளின் நாடகங்களைக் கண்டு திறனாய்வு எழுதிய இதழொன்றினின்றே அப்பரிசில் தோன்றிற்று என்பது கருதத்தக்கது. திறனாய்வு முன்னது, பரிசில் பின்னது.

நம்மிடம் குறைவது பொன்னன்று, அத்திறனாய்வே. கூத்துப் பனுவல்களைத் தொகுத்தும் பதிப்பித்தும் வந்த தமிழ்த்துறையினராகிய நாம், விடியுமளவும் களத்திலிருந்து ஆட்டத்தை மதிப்பிட்டு எழுதும் வழக்கத்தைப் போதிய அளவு வளர்த்திலோம். இப்பழி பிறர்மேற் செல்லாது. கூத்துக் குழுவிற்குப் பரிசில் அமைப்போர் மூன்றனை உளங்கொளல் வேண்டும்: பரிசில் ஓரிரவு ஆட்டத்திற்கு உரியதாதல், பின்னணி இசைப்போர் உள்ளிட்ட குழுவினர் யாவர்க்கும் பகிரப்படுதல், நடுவர் தம் காரணத்தை எழுத்தில் வெளியிடுதல். இம்மூன்றனுள் இறுதியதே தலையாயது. பணம் செலவாகும், கேடயம் மங்கும், எழுதப்பட்ட காரணமோ அடுத்த தலைமுறைக் கூத்தர்க்குப் பாடமாய் நிற்கும். அரங்கேற்று காதை நமக்கு வைத்துச் சென்றதும் அத்தகைய பாடமே. தலைக்கோல் மறைந்தது, அதனை அளித்தற்குரிய இலக்கணம் மறைந்திலது.