கிடைக்காத இசைத்தட்டும் கேட்கப்படாத இசைத்தட்டும்

ப்ளூஸ் வழிவந்த ராக் கிதார் கலைஞர்களைப் பற்றி ரசிகர்கள் பேச ஆரம்பித்தால் அந்தப் பேச்சுக்கு ஒரு மாறாத பாதை இருக்கிறது. எரிக் கிளாப்டனா, ஜெஃப் பெக்கா, பீட்டர் க்ரீனா என்று ஆரம்பிக்கும். சற்று நேரத்தில் ஒருவர் இந்த மூன்று பெயர்களையும் அலட்சியமாக ஒதுக்கிவிட்டு நான்காவதாக ஒரு பெயரைச் சொல்வார். இன்னொருவர் ஐந்தாவது பெயரைச் சொல்வார். அது நான்காவதைவிடக் குறைவான பேருக்குத் தெரிந்ததாக இருக்கும். கடைசியில், ஒரே ஒரு ஆல்பம் பதிவு செய்து அதுவும் வெளிவராமல் போன ஒருவரின் பெயரைச் சொல்பவர் வாதத்தில் வென்றவராகிவிடுகிறார். சங்கீதத்தைப் பற்றித் தொடங்கிய பேச்சு எந்த இடத்தில் சேகரிப்பைப் பற்றியதாக மாறிற்று என்பதை யாரும் கவனிப்பதில்லை. பிறருக்குத் தெரியாத பெயரைச் சொல்வதே ஒரு விமர்சன அபிப்பிராயத்தைச் சொல்வதாக அங்கே கருதப்படுகிறது.

இப்படி வாதத்தை முடித்துவைக்கும் பெயர்களில் முக்கியமானது ராண்டி ஹோல்டனின் 'பாப்புலேஷன் டூ'. 1968 ஜனவரியில் சான் ஃபிரான்ஸிஸ்கோவைச் சேர்ந்த ப்ளூ சியர் என்ற மூவர் குழு 'வின்ஸபஸ் இரப்டம்' என்ற தன் முதல் ஆல்பத்தை வெளியிட்டது. எடி காக்ரன் 1958ல் பாடிய 'ஸம்மர்டைம் ப்ளூஸ்' பாட்டை அவர்கள் நசுக்கி உருக்கி வாசித்தது அமெரிக்காவின் பில்போர்டு பட்டியலில் 14ஆம் இடம் வரை போயிற்று. ஆல்பம் 11ஆம் இடத்தை எட்டிற்று. (ஆகவே இந்த ஆல்பத்தை யாருமறியாத தட்டுகளின் வரிசையில் வைத்துப் பேசுபவர்களை அதிகம் நம்ப வேண்டாம்.) அதில் கிதார் வாசித்த லீ ஸ்டீஃபன்ஸ் விலகியபின் அந்த இடத்துக்கு வந்தவர் ஹோல்டன். 1969ல் வெளியான குழுவின் மூன்றாவது ஆல்பத்தில் ஒரு பக்கம் மட்டுமே அவருடையது. பிறகு அவரும் விலகினார். க்ரிஸ் லாக்கீட் என்ற டிரம் கலைஞரை மட்டும் துணைக்கு வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றும் 200 வாட் சக்தி கொண்ட 16 ஸன் ஆம்ப்ளிஃபயர்களை அடுக்கி, தன் பெயரில் ஒரு ஆல்பம் பதிவு செய்தார். ஆறு உருப்படிகள், சுமார் அரை மணி நேரம். அது அப்போது முறையாக வெளிவரவே இல்லை. ஹோல்டன் தன் கருவிகளை இழந்து, பணத்தை இழந்து, இருபது வருஷங்களுக்கு மேல் சங்கீதத்தை விட்டே விலகியிருந்தார். தட்டு திருட்டுப் பதிப்புகளாகக் கைமாறிக் கைமாறி உயிர்த்திருந்தது. 2020ல் ரைடிங்ஈஸி நிறுவனம் மறுபதிப்பு கொண்டுவந்த பிறகு சாதாரண ரசிகனும் வாங்கிக் கேட்க முடிகிறது.

கேட்டால் என்ன கிடைக்கிறது? முதலில், நல்லதைச் சொல்லிவிட வேண்டும். 'கிதார் ஸாங்' என்ற முதல் உருப்படியின் நிதானம் அந்தக் காலத்துக்கு அசாதாரணமானது. கிளாப்டனின் க்ரீம் குழுவும் அதைப் பின்பற்றியவர்களும் ஒரு நிமிஷத்தில் எத்தனை ஸ்வரங்களை அடைக்கலாம் என்று பார்த்துக்கொண்டிருந்தபோது, ஹோல்டன் ஒரு ஸ்வரத்தை மீட்டிவிட்டு அது ஆம்ப்ளிஃபயருக்குள் போய் ஊளையாகத் திரும்பி வரும்வரை காத்திருக்கிறார். இந்தக் காத்திருப்பு வெறும் சத்தம் போடுபவனுக்கு வராது. பின்னால், எழுபதுகளில் கனத்த ராக் என்று அறியப்பட்ட சங்கீதத்தின் முக்கியமான கண்டுபிடிப்பு ஒன்று, மந்தகதியே ஒரு கனம் என்பது, இங்கே ஏற்கனவே இருக்கிறது.

ஆனால் பத்து நிமிஷங்களுக்குப் பிறகு ஏதோ ஒன்று இல்லை என்று தோன்ற ஆரம்பிக்கிறது. குரல் பலவீனமானது என்பது மட்டும் காரணமில்லை. ப்ளூஸ் என்ற வடிவத்தின் உயிர் பதிலில் இருக்கிறது. பன்னிரண்டு தாள அளவுகள், மூன்று வரிகள், ஒவ்வொரு வரிக்கும் கிடைக்கும் நான்கு அளவுகளில் பாதியைத்தான் பாடகன் எடுத்துக்கொள்கிறான். மீதிப் பாதி கிதாருக்கு, அல்லது பியானோவுக்கு, அல்லது வாயில் வைத்து ஊதும் ஹார்மோனிகாவுக்கு. ஒருவன் சொல்கிறான், மற்றவன் ஆமோதிக்கிறான், அல்லது கேலி செய்கிறான், அல்லது கேளாதது போல் வேறு பக்கம் திரும்பிக்கொள்கிறான். இரண்டு பேர் இல்லாமல் ப்ளூஸ் இல்லை. தனியாக உட்கார்ந்து பாடுகிறவன்கூடத் தன் கிதாரை இரண்டாவது ஆளாக்கிக்கொள்கிறான். 'பாப்புலேஷன் டூ'வில் 16 ஆம்ப்ளிஃபயர்களின் முன்னால் யாரும் வாய் திறக்க முடியாது. லாக்கீட் டிரம்மோடு கீபோர்டையும் சேர்த்துக் கவனித்துக்கொள்கிறார், அவ்வளவே. பதிலுக்கு இடமில்லாத ஒரு பேச்சு அது. பிரம்மாண்டம் இருக்கிறது, அதற்குள் மனுஷர்கள் குறைவு. இது நல்ல ஆல்பம், மகத்தான ஆல்பம் இல்லை என்பது என் தீர்மானம். ரசிகர்கள் இதை மகத்தானது என்று சொல்லும்போது அவர்கள் கேட்டுக்கொண்டிருப்பது தட்டை மட்டுமல்ல, அதற்கு நேர்ந்த அநியாயத்தையும். இழப்பின் கனம் சங்கீதத்தின் கனமாகக் கணக்கில் ஏறிவிடுகிறது.

இந்த வழக்கம் ராக் ரசிகர்கள் கண்டுபிடித்ததல்ல. ப்ளூஸிலிருந்து பாட்டுகளை எடுத்துக்கொண்டபோதே இதையும் சேர்த்து எடுத்துக்கொண்டார்கள். 1959ல் ஸாமுவல் சார்ட்டர்ஸ் 'தி கன்ட்ரி ப்ளூஸ்' என்ற புத்தகத்தையும், கூடவே அதே பெயரில் ஒரு தொகுப்புத் தட்டையும் வெளியிட்டார். இருபதுகளிலும் முப்பதுகளிலும் கறுப்பு மக்கள் உண்மையில் காசு கொடுத்து வாங்கிய கலைஞர்களுக்கு, லிராய் கார், லான்னி ஜான்சன் போன்றவர்களுக்கு, அவர் அதில் நிறைய இடம் கொடுத்திருந்தார். நியூயார்க்கைச் சுற்றியிருந்த வெள்ளைக்காரச் சேகரிப்பாளர்கள் சிலருக்கு இது பொறுக்கவில்லை. அவர்களில் இருவர் 1960ல் ஆரம்பித்த ஒரிஜின் ஜாஸ் லைப்ரரி என்ற சின்னஞ்சிறு நிறுவனம், சார்லி பாட்டனின் தட்டை முதலாவதாகவும், 'ரியலி! தி கன்ட்ரி ப்ளூஸ்' என்ற தொகுப்பை இரண்டாவதாகவும் கொண்டுவந்தது. தலைப்பில் உள்ள அந்த 'உண்மையிலேயே' என்ற வார்த்தையின் முகத்திருப்பலைக் கவனியுங்கள். உண்மையான ப்ளூஸ் என்பது அதிகம் விற்காத ப்ளூஸ். இரண்டோ மூன்றோ பிரதிகள் மட்டும் எஞ்சிய ப்ளூஸ். மிஸ்ஸிஸிப்பி டெல்டாவின் கரகரத்த தனிக்குரல். 1928ல் 'ஹௌ லாங், ஹௌ லாங் ப்ளூஸ்' பாடி ஊரூராக அறியப்பட்ட லிராய் கார், பியானோ வாசித்து மென்மையாகப் பாடினார் என்பதாலும், பிரதிகள் எளிதாகக் கிடைத்தன என்பதாலும், ஓரத்துக்குத் தள்ளப்பட்டார். எலைஜா வால்ட் 2004ல் எழுதிய 'எஸ்கேப்பிங் தி டெல்டா' புத்தகத்தில் இதை விஸ்தாரமாகப் பேசியிருக்கிறார்: ராபர்ட் ஜான்சன் உயிரோடிருந்த காலத்தில் கறுப்பு ரசிகர்களிடையே அவர் ஒரு பெரிய பெயரே இல்லை. 1936லும் 1937லும் 29 பாட்டுகள் பதிவு செய்து 1938ல் இறந்துபோன அவரை அரசனாக்கியது 1961ல் கொலம்பியா வெளியிட்ட தொகுப்பு. அரசன் என்ற வார்த்தை அந்தத் தட்டின் தலைப்பிலேயே இருக்கிறது.

இதில் சிக்கல் என்னவென்றால், ராபர்ட் ஜான்சன் நிஜமாகவே மகத்தானவர். சேகரிப்பாளர்கள் தவறான காரணத்துக்காகச் சரியான மனிதரைத் தேர்ந்தெடுத்தார்கள். அந்த ஒரு வெற்றி, தவறான காரணத்துக்கு அரை நூற்றாண்டுக்கும் மேலாக மரியாதை வாங்கிக் கொடுத்துவிட்டது. இங்கிலாந்தில் கிளாப்டன் போன்ற பையன்கள் அந்தத் தட்டைக் கேட்டார்கள். 1966ல் ஜான் மேயாலின் ப்ளூஸ்பிரேக்கர்ஸ் குழுவோடு கிளாப்டன் ஒரு லெஸ் பால் கிதாரை மார்ஷல் ஆம்ப்ளிஃபயரில் செருகி, ஸ்டூடியோவுக்குள்ளேயே மேடையின் சத்தத்தில் வாசித்தார். 1968 மார்ச்சில் க்ரீம் குழு ஜான்சனின் 'கிராஸ்ரோட்ஸ்' பாட்டைச் சான் ஃபிரான்ஸிஸ்கோ மேடையில் வாசித்தபோது, அது மூன்று பேர் ஒரே சமயத்தில் பேசுகிற சம்பாஷணையாகிவிட்டது. பிரமாதமான வாசிப்பு. ஆனால் யார் யாருக்குப் பதில் சொல்கிறார்கள்?

பீட்டர் க்ரீன் இந்தக் கூட்டத்தில் வேறு ஜாதி. 1966ல் மேயால் குழுவோடு அவர் பதிவு செய்த 'தி ஸூப்பர்நாச்சுரல்', 1968ல் தன் ஃப்ளீட்வுட் மாக் குழுவோடு பாடிய 'நீட் யுவர் லவ் ஸோ பாட்' இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டால் போதும். பின்னதில் குரல் முடிந்த பிறகு கிதார் ஒரு மூச்சு தாமதித்துத்தான் வருகிறது. குரல் சொன்னதை யோசித்துப் பார்த்துவிட்டு வருவதுபோல. அவரது லெஸ் பாலில் ஒரு காந்தம் தலைகீழாக மாட்டப்பட்டிருந்ததால் அந்த மூக்கடைத்த, தூரத்து நாதம் கிடைத்தது என்பதைப் பற்றி ரசிகர்கள் மணிக்கணக்கில் பேசுவார்கள். காந்தம் நிஜந்தான். அந்தக் கிதார் பிறகு கேரி மூரிடம் போயிற்று. பல வருஷம் கழித்து மெட்டாலிகா குழுவின் கர்க் ஹாமெட்டிடம் போயிற்று. காந்தமும் கூடவே போயிற்று. அந்தத் தாமதம் போகவில்லை. க்ரீன் 1970 மே மாதம் தான் அமைத்த குழுவை விட்டு விலகினார், மனநோயில் பல வருஷங்களைத் தொலைத்தார், 2020 ஜூலையில் இறந்தார். அவரைப் பற்றிய பேச்சும் பெரும்பாலும் இந்தத் துயரத்தைப் பற்றியது, அல்லது காந்தத்தைப் பற்றியது.

அபூர்வத்தை மதிப்பாக எடுத்துக்கொள்ளும் ரசனை எதைக் கேட்காமல் விட்டது என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. 1968 அக்டோபரில் சிகாகோவின் செஸ் நிறுவனம், அதன் துணை முத்திரையான காடெட் கான்ஸெப்ட் வழியாக, மடி வாட்டர்ஸின் 'எலெக்ட்ரிக் மட்' ஆல்பத்தை வெளியிட்டது. செஸ் முதலாளியின் மகன் மார்ஷல் செஸ்ஸின் யோசனை: ஆங்கிலேயப் பையன்கள் மடியைத் திருடிப் பணம் பண்ணுகிறார்கள், மடியே அந்தச் சத்தத்தில் பாடினால் என்ன? வியாபார யோசனைதான், சந்தேகமில்லை. மடி கிதாரைத் தொடவில்லை. பாட மட்டும் செய்தார். வாசித்தவர்கள் சிகாகோவின் கறுப்புக் கலைஞர்கள்: பீட் கோஸி, ஃபில் அப்சர்ச், பாஸ் கிதாரில் லூயிஸ் ஸாட்டர்ஃபீல்ட், ஆர்கனில் சார்ல்ஸ் ஸ்டெப்னி. தட்டு வந்தவுடன் விமர்சகர்கள் காறித் துப்பினார்கள். மடியே இதை ஏற்கவில்லை. தன் குழுவை வைத்துக்கொண்டு மேடையில் வாசிக்க முடியாத தட்டு எதற்கு என்று கேட்டார். அது பில்போர்டு பட்டியலில் 127ஆம் இடம் வரை போயிற்று. ஆகவே அபூர்வமும் இல்லை, தூய்மையும் இல்லை. சேகரிப்பாளனுக்கு அதில் சாப்பிட ஒன்றுமில்லை.

கேளுங்கள். 'ஐ ஜஸ்ட் வான்ட் டு மேக் லவ் டு யூ' பாட்டில் கோஸியின் கிதார் பழுத்த இரும்பைத் தண்ணீரில் முக்கியதுபோல் சீறுகிறது. ஆனால் மடியின் குரல் ஒரு வரியை முடித்தவுடன் அந்தச் சீறல் அவருக்குப் பதிலாக மாறுகிறது. ஐம்பது வயதைத் தாண்டிய ஒரு குரல், தன்னைவிட முப்பது வயது இளைய ஒரு சத்தத்தோடு மல்லுக்கு நிற்கிறது, தோற்கவும் இல்லை. ஆல்பம் முழுவதும் இப்படி என்று சொல்லமாட்டேன். ரோலிங் ஸ்டோன்ஸ் பாட்டை மடியின் வாயில் திணித்தது அசட்டுத்தனம். ஆனால் இரண்டு பேர் இருக்கிற கனத்த ராக் 1968ல் இருந்தது, அது இங்கே இருந்தது. கோஸி 1973லிருந்து 1975 வரை மைல்ஸ் டேவிஸோடு வாசித்ததைக் கேட்டவர்களுக்கு இந்த ஆல்பம் அதன் முதல் அத்தியாயமாகத் தெரியும். அறுபதுகளின் கனத்த ராக் தட்டுகளைப் பட்டியல் போடும் ரசிகர்களின் பேச்சில் கோஸியின் பெயர் எத்தனை தடவை வருகிறது? ப்ளூஸ் ரசிகனுக்கு இது ப்ளூஸ் இல்லை. ராக் ரசிகனுக்கு மடி வாட்டர்ஸ் மூதாதை, மூதாதை சமகாலத்தவராக வந்து நிற்கக்கூடாது. இந்தத் தட்டைத் திரும்பப் பேச்சுக்குக் கொண்டுவந்தவர்களில் முக்கியமானவர் ராப் கலைஞரான சக் டி. 2003ல் வந்த 'காட்ஃபாதர்ஸ் அண்ட் ஸன்ஸ்' படத்தில் அவர் அந்தப் பழைய வாத்தியக்காரர்களைத் தேடிப்போய் மறுபடி ஒன்றுசேர்த்தார்.

நம்மைப்போல் சில நூறு பிரதிகள் அச்சடிக்கும் பத்திரிகைக்காரர்கள் இந்தச் சேகரிப்பாளர்களைப் பார்த்துச் சிரிப்பதற்கு முன் கொஞ்சம் யோசிக்கலாம். விற்காததால் நல்லது என்ற வாதம் நம் பக்கங்களிலும் அச்சாகியிருக்கிறது. தவிரவும், ஹோல்டனின் தட்டை ஐம்பது வருஷம் காப்பாற்றியது கம்பெனிகள் இல்லை, இந்தப் பைத்தியக்காரர்கள்தான். அவர்களுடைய சிரத்தையில் எனக்குச் சந்தேகமில்லை. சிரத்தை காதுக்குப் போய்ச் சேரவில்லை என்பதுதான் என் புகார்.

முதலில் யார், யாருக்கு முன்னால் யார் என்ற சண்டைக்கும் இது பொருந்தும். கனத்த கிதார் நாதத்தை ஆரம்பித்தது ப்ளூ சியரா, ஜெஃப் பெக்கின் 1968 'ட்ரூத்' ஆல்பமா என்று அடித்துக்கொள்கிறார்கள். ஹௌலின் வுல்ஃப் 1951ல் மெம்ஃபிஸில் ஸாம் ஃபிலிப்ஸின் ஸ்டூடியோவில் 'ஹௌ மெனி மோர் இயர்ஸ்' பாடினார். கிதார் வாசித்தவர் வில்லி ஜான்சன். சின்ன ஆம்ப்ளிஃபயர் தாங்கமுடியாத அளவுக்கு முடுக்கப்பட்டு நாதம் ஓரங்களில் கிழிந்துகொண்டிருக்கிறது. வுல்ஃபின் குரலும் அதே இடத்தில் கிழிகிறது. எது எதற்குப் பதில் என்று பிரித்துச் சொல்ல முடியாதபடி இரண்டும் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு போகின்றன. இந்தத் தட்டு நன்றாக விற்றது. இன்றும் எங்கும் கிடைக்கிறது.