செவிவழிக் கற்கும் போர்க்களம்: வாட்டர்லூ ஒலிச்சுற்றுலாவும் நிலத்தின் சான்றும்

பழைய போர்க்களங்களை ஒலிவழிகாட்டியின் துணையுடன் சுற்றிப்பார்த்துப் படை வரலாற்றைக் கற்கும் முறை ஐரோப்பாவில் பரவலாக வேரூன்றியுள்ளது. நூல்களால் தர இயலாத ஒன்றை இம்முறை தருகிறது என்பதில் ஐயமில்லை. நிலப்படத்தில் மெல்லிய கோடாகத் தோன்றும் மேடு, அதில் ஏறி நடப்பவருக்கு வேறு பொருள் கொள்கிறது. ஆயினும், செவியில் ஒலிக்கும் குரலும் கண்முன் விரியும் நிலமும் ஒன்றையே சொல்கின்றன என்னும் நம்பிக்கையின்மீதே இம்முறை நிற்கிறது. அந்நம்பிக்கையைச் சோதித்தறிய, 1815 ஜூன் 18 அன்று நெப்போலியன் தோல்வியுற்ற வாட்டர்லூ தக்க களமாகும்.

இன்றைய பெல்ஜியத்தில் உள்ள அக்களத்தின் முதன்மையான பார்வையிடம் சிங்கக் குன்று. ஆரஞ்சு இளவரசர் காயமுற்ற இடத்தை நினைவுகூர, அவருடைய தந்தையான நெதர்லாந்து மன்னர் முதலாம் வில்லியம் எழுப்பிய இச்செயற்கைக் குன்று 1826இல் நிறைவுற்றது. படிகள் 226, உயரம் ஏறத்தாழ 40 மீட்டர். உச்சியில் தெற்கு நோக்கி நிற்பவருக்கு வலப்புறம் ஊகுமோன் பண்ணை, இடப்புறம் லா ஏ சேன்ட் பண்ணை, எதிரே பிரெஞ்சுப் படை நின்ற மேடு எனக் களத்தின் பெரும்பகுதி ஒரே பார்வையில் அடங்கிவிடுகிறது. ஒலிவழி விளக்கத்திற்கு இதனினும் வசதியான இடம் அமையாது. சிக்கலும் அங்கேயே தொடங்குகிறது. குன்றுக்குரிய மண், வெலிங்டனின் படை நின்ற மேட்டிலிருந்தே வெட்டி எடுக்கப்பட்டது. அதனால் மேட்டின் முகடு தாழ்ந்தது. முகட்டை ஒட்டிச் சென்ற சாலையின் பள்ளமான பகுதியும் கரையிழந்தது.

இது சிறிய மாற்றமன்று. வெலிங்டனின் தற்காப்பு, முகட்டின் மறுசரிவைச் சார்ந்தது. படையின் பெரும்பகுதியை அவர் அதன் பின்னால் மறைத்து நிறுத்தினார். பீரங்கித் தாக்கம் குறைந்தது, எதிரிக்குப் படையின் அளவும் புலப்படவில்லை. மாலையில் நெப்போலியனின் பேரரசுக் காவற்படை மேடேறி வந்தபோது, மறைவில் படுத்திருந்த பிரித்தானியக் காவற்படையினர் மிக அருகில் எழுந்து சுட்டனர். எதிரியால் காண இயலாமையே இப்போர்முறையின் கரு. அதனை, அன்று எவருக்கும் வாய்க்காத உயரத்திலிருந்து விளக்குவது, விடையைப் பார்த்துக்கொண்டே விடுகதை கேட்பதை ஒக்கும். படைவீரர் கண்டதோ புகையையும் உயர்ந்து வளர்ந்திருந்த ரை பயிரையுமே. 1976இல் வெளிவந்த ‘தி ஃபேஸ் ஆஃப் பேட்டில்’ நூலில் ஜான் கீகன், தளபதியின் பார்வையை விடுத்துப் படைவீரரின் பட்டறிவிலிருந்து இப்போரை அணுகினார். குன்றுச்சியில் ஒலிக்கும் குரல் அவ்வணுகுமுறைக்கு எதிர்த்திசையில் செல்கிறது.

பீரங்கி முழக்கத்தையும் குதிரைக் குளம்பொலியையும் பின்னணியில் சேர்ப்பது ஒலிச்சுற்றுலாக்களில் காணப்படும் வழக்கம். அவ்வொலிகள் பெரிதும் அலங்காரமாகவே நின்றுவிடுகின்றன. வாட்டர்லூவிலோ ஒலி தானே ஒரு வரலாற்று நிகழ்வு. களத்திலிருந்து தொலைவில், வாலேன் என்னும் ஊரில் இருந்த மார்ஷல் குரூஷிக்கு அன்று நண்பகலளவில் பீரங்கி ஒலி கேட்டது. ஒலி வந்த திசை நோக்கிச் செல்லவேண்டும் எனத் தளபதி ஜெரார் வற்புறுத்தினார். குரூஷியோ, பிரஷ்யரைத் தொடருமாறு தமக்கிடப்பட்ட ஆணையைப் பற்றி நின்றார். கேட்ட ஒலிக்கு என்ன பொருள் கொள்வது என்னும் இவ்வினா, கேட்டுக் கற்கும் ஒரு முறைக்கு எவ்வளவு நெருக்கமானது!

ஒற்றைக் குரலின் உறுதியும் ஆய்வுக்குரியது. லா ஏ சேன்ட்டில் மாதக்கணக்கில் தங்கிக் களத்தை அளந்த வில்லியம் சிபோர்ன், தாம் உருவாக்கிய மாதிரிக் களத்திற்காகப் போரில் பங்கேற்ற அதிகாரிகளுக்கு மடல் எழுதித் தகவல் திரட்டினார். வந்த விடைகள் பல இடங்களில் முரண்பட்டன. 1838இல் லண்டனில் காட்சிக்கு வைக்கப்பட்ட அம்மாதிரியில் பிரஷ்யருக்கு எவ்வளவு இடம் தருவது என்பது பூசலாயிற்று. பின்னர் அவர் பிரஷ்ய வீரர் உருவங்கள் பலவற்றை நீக்கினார். பிளான்சென்வா சிற்றூரில் பிரஷ்யர் நடத்திய கடுஞ்சண்டை, குன்றிலிருந்து நோக்குபவருக்கு இன்றும் காட்சியின் விளிம்பிலேயே அமைகிறது.

முரண்பட்ட இரு சான்றுகளை ஒரே இடத்தில் அடுத்தடுத்துக் கேட்கச் செய்வது ஒலிப்பதிவுக்கு எளிது. அச்சுநூலை விட எளிது. மண் வெட்டப்பட்ட செய்தியைக் குன்றின் அடியிலேயே சொல்லிவிடலாம். சுற்றைப் பிளான்சென்வாவில் தொடங்கி, மறுசரிவின் வயல்மட்டத்தில் நெடுநேரம் நிறுத்தி, 226 படிகளை இறுதிக்கு வைக்கலாம்.