‘எம்மை’ என்னும் சொல்: யூதர் நாள்வழிபாட்டு நூல் பற்றிய ஓர் ஆய்வு

ஒரே பாட்டை நாள்தோறும் ஓதுகின்றவரிடம் பக்தி நிலைக்குமா, அன்றிப் பழக்கம் மட்டுமே எஞ்சுமா? இவ்வினா நம் இல்லங்களிலும் எழுகின்றது. மாலையில் விளக்கேற்றித் திருப்பாவையோ தேவாரமோ ஓதச் சொன்னால், பெங்களூரில் பிறந்து கன்னடமும் ஆங்கிலமும் பயின்ற நம் பிள்ளைகள், “பொருள் தெரியாமல் எதற்காகச் சொல்லவேண்டும்?” என்கின்றனர். கேள்வி நியாயமானதே. பிறந்த மண்ணை இழந்து பல நூற்றாண்டுகளாக இதே கேள்வியோடு வாழ்ந்த யூத மக்களின் வழிபாட்டு நூலை இலக்கியமாக வைத்து நோக்குதல் நமக்குப் பயன் தரும் எனக் கருதுகின்றோம்.

யூதர் நமக்கு முற்றிலும் அயலார் அல்லர். ஏறத்தாழ கி.பி. 1000-இல் சேர மன்னன் பாஸ்கர ரவிவர்மன், யூதத் தலைவர் ஜோசப் ரப்பானுக்கு அளித்த செப்பேடு, நாம் அறிந்த வட்டெழுத்தில் பொறிக்கப்பட்டதாகும். கொச்சி மட்டாஞ்சேரியில் 1568-இல் எழுந்த பரதேசித் தொழுகைக்கூடம் இன்றும் நிற்கின்றது.

கி.பி. 70-இல் உரோமானியர் எருசலேம் ஆலயத்தை அழித்தபின் அங்கு நிகழ்ந்த பலிகள் நின்றன. அவற்றின் இடத்தைச் சொல் ஏற்றது. காலை, பிற்பகல், இரவு என முப்பொழுதும் ஓதும் முறை நிலைபெற்றது. அதன் நடுவில் அமைவது ‘அமிதா’. ‘நிற்றல்’ என்பது அதன் பொருள். எருசலேம் உள்ள திசை நோக்கி, நின்றவாறே மெல்லிய குரலில் ஓதுவர். பதினெட்டு என்றே பெயர் வழங்கினும் வேலைநாட்களில் இன்று பத்தொன்பது வாழ்த்துகள் உள்ளன. முதல் 3 புகழ்ச்சி, இடையில் 13 வேண்டுதல், இறுதி 3 நன்றி. வேந்தன் அவைக்குச் சென்ற பாணன் முதலில் புகழ்ந்து, பின் குறை கூறி, விடைபெறும் நம் பழைய முறையை இவ்வமைப்பு நினைவூட்டுகின்றது.

இந்நூலின் உயிர்நிலை அவ்வேண்டுதல்களின் இலக்கணத்தில் உள்ளது. அறிவு, மன்னிப்பு, நலம், விளைச்சல் ஆகிய அனைத்தும் பன்மையிலேயே கேட்கப்படுகின்றன. தமிழில் பெயர்ப்பின் ‘நம்மை’ என்பது பொருந்தாது; கேட்கப்படுபவன் கேட்போருள் ஒருவன் அல்லன். ‘எம்மை’ என்றே சொல்லவேண்டும். நோயில்லாதவனும் எம்மை நலமாக்குக என வேண்டுகின்றான். அன்று எழுந்து நிற்கவியலாத ஒருவனுக்காக அவன் வாய் பேசுகின்றது. தன் உள்ளம் வறண்டிருக்கும் நாளிலும் அச்சொல் வெறுஞ்சொல் ஆவதில்லை. நாள்தோறும் ஓதுவதன் பொருளை நாம் இங்கே காண்கின்றோம்.

மழை பற்றிய தொடரும் அத்தகையதே. கூடாரத் திருவிழாவின் இறுதி முதல் பாஸ்கா வரையில் மட்டும் அதனைச் சேர்ப்பது உலகெங்கும் உள்ள வழக்கம். அது இஸ்ரேல் நாட்டின் மழைக்காலம். ஜூன் மாதத்தில் பெருமழை தொடங்கும் கொச்சிக்கு அக்காலம் பொருந்தாது. ஆயினும் வேற்றூரின் விளைநிலம் நனைவதற்காக வாழ்த்துவதில் குறையொன்றும் இல்லை.

பழக்கத்தின் ஆபத்தை யூத அறிஞர்கள் அறியாமல் இல்லை. வழிபாட்டை வெறும் கடமையாக்கினால் அது மன்றாட்டு ஆகாது என மிஷ்னா எச்சரிக்கின்றது. சட்டமோ மனித இயல்பறிந்து, முதல் வாழ்த்திலேனும் மனம் ஒன்றவேண்டும் என்கின்றது.

கூட்டு வழிபாட்டுக்குப் பதின்மர் வேண்டும். பெற்றோரை இழந்தவர் பதினொரு மாதம் சொல்லும் ‘கதீஷ்’ என்னும் ஓதலில் சாவைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை; முழுதும் இறைபுகழே. அதையும் பதின்மர் கூடாமல் சொல்லலாகாது. ஆதலின் துயருற்றவர் வீட்டுக்குள் தனித்திருக்க இயலாது.

இவ்விடத்தில் ஒரு குறையையும் சுட்டவேண்டும். பழைய நெறி அப்பதின்மருள் பெண்டிரைச் சேர்ப்பதில்லை. கொச்சியிலோ மலையாளப் பாடல்களைக் குறிப்பேடுகளில் எழுதிக் காத்தவர் பெண்டிரே. 1948-இல் இஸ்ரேல் அமைந்தபின் பெரும்பாலோர் குடிபெயர, மட்டாஞ்சேரியில் பதின்மர் கூடுவது அரிதாகி, வெளியூரிலிருந்து வருவோரை நம்பும் நிலை வந்தது. பெண்டிரின் பாடல்களோ குறிப்பேடுகளோடு கடல் கடந்தும் வாழ்ந்தன.

ஆண்டாளின் பாவை இக்குறை அற்றது. திருப்பாவையின் 6 முதல் 15 வரையுள்ள பத்துப் பாடல்களும் உறங்கும் தோழியரை எழுப்புவன. இறைவனிடம் செல்லுமுன் கூட்டம் சேர்க்கின்றாள் அவள். அக்கூட்டம் முழுதும் பெண்களே. பல்லவ மன்னனின் ஆணைக்கு மறுமொழியாக நாவுக்கரசர் பாடிய மறுமாற்றத் திருத்தாண்டகமும் பன்மையிலேயே பேசுகின்றது. தனியொருவராக நின்றவர் அடியார் அனைவருக்குமாகப் பேசினார்.

நம் பிள்ளைகளுக்கு நாம் தரவேண்டிய விடை இதுவே. முப்பது பாடலுக்கும் உரை சொல்லி அவர்களைக் களைப்படையச் செய்யவேண்டா. ஒரு பாட்டை எடுத்துக்கொண்டு, அதன் பொருளையும், யார் யாருக்காக அதனைச் சொல்கின்றோம் என்பதையும் விளக்குவோம். ஊரில் நோயுற்றிருக்கும் பாட்டியின் பெயரையும், எதிர்வீட்டுக் கன்னடக் குழந்தையின் பெயரையும் அந்த ‘எம்மை’ என்னும் சொல்லுக்குள் வைத்துக் காட்டுவோம். அதன்பின் எஞ்சிய பாடல்களின் பொருளை அவர்களே வந்து கேட்பர். கேட்கும்போது சொல்வதற்கு நாம் ஆயத்தமாய் இருக்கவேண்டும்.