ஸ்டோலிச்காவின் இரண்டு பைகள்

குன்னூரிலிருந்து ஊட்டிக்கு ஏறும் பாதையில் வெட்டப்பட்ட பாறைகளில் சிப்பி தேடிப் பயனில்லை. அது சார்னோக்கைட், பூமியின் ஆழத்தில் வெந்து இறுகி ஏறத்தாழ 250 கோடி ஆண்டுகள் ஆகின்றன. ஓடு கட்டும் உயிர் அப்போது உலகிலேயே இல்லை. நீலகிரியின் நில அமைப்பை ஆராய்ந்து எழுதிய எச். எஃப். பிளான்ஃபோர்ட், 1862இல் சமவெளியின் கிரெட்டேசியப் படிவுகளைப் பற்றியும் எழுதினார். ஊட்டத்தூர், திருச்சி, அரியலூர் என்று இன்றும் நாம் சொல்லும் அடுக்குகள் அவை. அங்கே கிடைத்த கைக்காலிகளை (பிராக்கியோபாடுகளை)ப் பெயரிட்டு வகைப்படுத்தி, 1872இல் தனி நூலாக்கினார் ஃபெர்டினாண்ட் ஸ்டோலிச்கா. அந்தப் பெயர்கள் இன்று தேறுமா?

மட்டியின் இரு ஓடுகள் இடமும் வலமுமாக அமையும். கைக்காலிக்கு மேலும் கீழுமாக. கீழோடு பெரியது, பின்புறம் அலகுபோல் வளைந்தது. அலகில் உள்ள துளை வழியே காம்பு நீண்டு பாறையைப் பற்றும். உள்ளே, உணவு வடிக்கும் இழைகளைத் தாங்கச் சுண்ணத்தாலான ஒரு சட்டம். டெரிப்ராடுலா வகையில் அது வளையம். ரிங்கோனெல்லா வகையில் இரண்டு குட்டைக் கொம்புகள் மட்டுமே. முன்னதன் ஓட்டில் ஊசிக்கண் போன்ற நுண்துளைகள் உண்டு, பின்னதில் இல்லை.

ஆக, இரு பெரும் பிரிவுகளைப் பிரிப்பது எளிது. அதற்குக் கீழேதான் வழுக்கல். அக்கால வழக்கப்படி ஸ்டோலிச்கா டெரிப்ராடுலா, ரிங்கோனெல்லா என்ற பேரினங்களைப் பெரிய பைகளாகவே பயன்படுத்தினார். இன்றைய கண்டிப்பான வரையறையில் டெரிப்ராடுலாவின் மூலவகை, அதாவது பேரினத்துக்கு அளவுகோலான சிற்றினம், இத்தாலியின் பிளியோசீன் காலத்தது. ரிங்கோனெல்லாவின் மூலவகை ரஷ்யாவின் பிந்தைய ஜுராசிக். நம் சிப்பிகளோ இரண்டுக்கும் நடுவில், 11 கோடி முதல் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்தவை.

காலம் மட்டும் போதாது என்பார் வாதிட வரலாம். சரி, உடலமைப்பையே பார்ப்போம். உறவில்லாத வகைகள் ஒரே வெளித்தோற்றத்துக்கு வந்து சேர்வது கைக்காலிகளின் தீராத குணம். இதை வலியுறுத்திய எஸ். எஸ். பக்மன், பர்மாவின் கைக்காலிகளைப் பற்றிய தம் நூலில் தசைத் தழும்புகளைச் சான்றாக்கிப் பழைய பைகளைக் கிழித்தார். அது வெளிவந்தது 1918இல், ஸ்டோலிச்காவின் நூல் வந்த அதே ‘பேலியன்டாலஜியா இண்டிகா’ வரிசையில்! 1934இல் ஹெலன் மியூர்-வுட் ஓட்டைச் சிறிது சிறிதாகத் தேய்த்து, ஒவ்வொரு குறுக்குவெட்டிலும் சட்டத்தின் வடிவத்தைத் தொடர்ந்தார்.

ஸ்டோலிச்காவிடம் இல்லாத கருவிக்காக அவரைக் குறை சொல்வது அநியாயம். ஆனால் அந்தச் சலுகை மனிதருக்கு, பெயருக்கு அல்ல. என் தீர்ப்பு: உட்சட்டம் பார்க்கப்படாதவரை அவர் தந்த பேரினப் பெயரை மேற்கோள் குறிக்குள் வைக்க வேண்டும், சிற்றினப் பெயரையும் விளக்கத்தையும் படத்தகட்டையும் காப்பாற்ற வேண்டும்.

பார்ப்பதில் ஒரு முரண் இருக்கிறது. தேய்த்தால் சிப்பி அழியும்; மூல மாதிரியைத் தேய்க்க யாரும் விடமாட்டார்கள். எக்ஸ்-கதிர் ஊடுபடமும் இங்கே தடுமாறும், ஏனெனில் ஓடும் கால்சைட், உள்ளே நிரம்பியதும் பெரும்பாலும் கால்சைட். அதே அடுக்கில் எடுத்த இன்னொரு சிப்பியைத் தேய்க்கலாம் என்றால், அது அதே சிற்றினம்தானா என்ற பழைய கேள்வி திரும்ப வரும். ஒன்று போதாது, ஒரே இடத்தில், ஒரே அடுக்கில் இருந்து பலவற்றை எடுத்து, இளசு முதல் முதிர்ந்தது வரை வரிசைப்படுத்தி, அதன் பிறகே சிலவற்றைத் தேய்க்க வேண்டும். அப்படி எடுக்கச் சிப்பிகள் உள்ள கல்லங்குறிச்சி அடுக்கின் சுண்ணாம்புக்கல்லோ அரியலூர்ச் சுரங்கங்களிலிருந்து சிமென்ட் சூளைக்குப் போய்க்கொண்டிருக்கிறது.