சத்தம் வராம ரெக்கார்டு ஆகுமுங்களா?

நாமக்கல் பக்கம் ஃபோன் கடைக்கு வருகிறவர் கேமராவைப் பற்றிக் கேட்பது அப்புறம்தான். முதலில் கேட்பது, “கால் ரெக்கார்டு ஆகுமுங்களா? சத்தம் வராம ஆகுமுங்களா?” லாரி புக்கிங் ஆபீஸ் நடத்துகிறவர், முட்டைப் பண்ணைக்காரர், திருச்செங்கோட்டில் போர்வெல் ரிக் வண்டி வைத்திருப்பவர், யாரானாலும் இதே கேள்வி. ஃபோன் பெட்டியின் மேல் இதற்கு விடை அச்சிட்டிருக்காது. யூடியூப் விமர்சகர்கள் கேமராவுக்குப் பத்து நிமிடம் கொடுத்துவிட்டு இதற்குப் பெரும்பாலும் ஒரு வாக்கியம் கொடுப்பார்கள். நான் கட்டுரையையே இதற்குக் கொடுக்கப்போகிறேன்.

கையில் இருப்பது சாம்சங் கேலக்ஸி எஸ்25. சில வாரங்களாகச் சேலத்துக்கும் புதுச்சத்திரத்துக்கும் என்னோடு அலைகிறது. ஸ்னாப்டிராகன் 8 எலைட், 12 ஜிபி ரேம், 6.2 அங்குலத் திரை, இதெல்லாம் நீங்கள் படித்துச் சலித்தது. எடை 162 கிராம் என்பதை மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். செங்கல் கனத்தில் ஃபோன் விற்கும் காலத்தில், சட்டைப் பையில் போட்டது மறந்துபோகும் ஃபோன் இது.

இதை வாங்கியதற்குக் காரணம் அந்த எடை இல்லை. நான் அடிப்படையில் பிக்சல் கட்சி. சாம்சங் என்றாலே, வேண்டாத செயலிகளை ஏற்றி அனுப்புகிறவர்கள் என்று பத்து வருடமாகத் திட்டி வருகிறவன். ஆனால் 2025 முழுக்க என்னை யாரும் ஒரு முடிவுக்கு வர விடவில்லை. ஜனவரியில் எஸ்25 அறிவிப்பு. பிப்ரவரியில் ஐஃபோன் 16இ, 59,900 ரூபாய். மார்ச்சில் நத்திங் 3ஏ, விலை 24,999 என்றதும் மனம் சிக்கனத்தின் பக்கம் சாய்ந்தது. ஏப்ரலில் பிக்சல் 9ஏ, 49,999. ஜூனில் ஒன்பிளஸ் 13எஸ், அதே கையடக்க அளவு, 5,850 எம்ஏஎச் பேட்டரி, 54,999. ஆகஸ்டில் பிக்சல் 10 வருகிறது, பொறு என்றார்கள். பொறுத்தால், செப்டம்பரில் ஐஃபோன் 17 வந்ததும் பழசெல்லாம் விலை இறங்கும் என்றார்கள். ஆடித் தள்ளுபடி போய்த் தீபாவளித் தள்ளுபடி. எக்செல் ஷீட்டில் ஃபோன்களின் வரிசை நீண்டுகொண்டே போனது. இப்படி முடிவெடுக்காமல் திரிவதிலும் ஒரு சுகம் இருக்கிறது. வாங்காதவரை எல்லா ஃபோனும் நம்முடையதுதான்.

புதுச்சத்திரத்தில் முட்டைப் பண்ணை வைத்திருக்கும் என் மாமனாருக்கும் ஒரு ஃபோன் தேவைப்பட்டது. ஷீட்டைக் காட்டினேன். திரையின் நிட்ஸ் கணக்கையும் புகைப்பட ஒப்பீட்டையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். “எல்லாம் சரீங்க மாப்ள. இதுல எது சத்தம் போடாம ரெக்கார்டு பண்ணும்?” அந்தத் தகவலுக்கு என் ஷீட்டில் இடமே இல்லை. அன்றைக்கு அதைச் சேர்த்தேன். சேர்த்ததும் பாதி ஃபோன்கள் உதிர்ந்துவிட்டன.

இந்தக் கேள்விக்கு ஒரு கதை இருக்கிறது. முன்பெல்லாம் ஏதாவது ஒரு செயலியை இறக்கினால் வேலை முடிந்தது. ஆண்ட்ராய்டு 9-லும் 10-லும் கூகுள் அந்தக் கதவுகளை ஒவ்வொன்றாக மூடியது. மாற்றுத்திறனாளிகளுக்கான அணுகல் வசதியைப் பின்வாசலாக வைத்துச் சில செயலிகள் பிழைத்துக் கிடந்தன. 2022 மே 11 முதல் அதுவும் கூடாது என்றானது. ட்ரூகாலர்கூட அப்போது பதிவு வசதியை எடுத்துவிட்டது. மிச்சமிருந்தது ஃபோனோடு வரும் டயலர் மட்டும். ஷாவ்மி, ரியல்மி போன்றவர்கள் இந்தியாவில் கூகுளின் டயலரைப் போட்டு விற்றார்கள். அதில் பதிவு பட்டனைத் தொட்டால் இருபக்கமும் ஒரு பெண் குரல், “திஸ் கால் இஸ் நவ் பீயிங் ரெக்கார்டட்” என்று அறிவிக்கும். ஐஃபோனில் இந்த வசதி 2024 அக்டோபரில் ஐஓஎஸ் 18.1-உடன் வந்தபோது அதுவும் அறிவிப்போடுதான் வந்தது.

அந்த அறிவிப்பு நியாயமானது என்று கலிஃபோர்னியாவில் இருப்பவர் சொல்வார். அங்கே இருவரும் சம்மதிக்க வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. நாமக்கல்லில் அந்தக் குரல் கேட்டால் எதிரில் இருப்பவர், “என்னங்க, எம்மேல நம்பிக்கை இல்லையா?” என்பார். லோடும் போய்விடும், உறவும் போய்விடும். இங்கே வியாபாரமே வாய்ப்பேச்சில் நடப்பது. வாடகை எவ்வளவு, அட்வான்ஸ் எவ்வளவு, இறக்குகிற இடத்தில் வண்டி நின்றால் ஹால்ட்டிங் யார் கணக்கு, எல்லாம் இரண்டு நிமிட அழைப்பில் முடியும். ரிக் வண்டிக்கு அடி ரேட், கேசிங் பைப் சேர்த்தா சேர்க்காமலா என்பதும் அப்படித்தான். முட்டையில் இன்னும் நுட்பம். தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழுவான என்.இ.சி.சி. ஒரு விலை அறிவிக்கும். அதிலிருந்து இத்தனை பைசா மைனஸ் என்று வியாபாரி கேட்பார். விலை ஊருக்கே தெரியும். மைனஸ் அந்த இரண்டு பேருக்கு மட்டும்தான் தெரியும். முட்டைக்குப் பத்து பைசா மாறினால் ஒரு லட்சம் முட்டைக்குப் பத்தாயிரம் ரூபாய்.

எஸ்25-இன் டயலர் இதைச் சத்தமில்லாமல் செய்கிறது. அமைப்புகளில் ‘ரெக்கார்டு கால்ஸ்’ போய், தானாகப் பதிவு என்பதை இயக்கினால் மூன்று வழி காட்டும்: எல்லா அழைப்பும், சேமிக்காத எண்கள் மட்டும், நாம் குறிப்பிடும் எண்கள் மட்டும். பதிவானவை ஒரே ஃபோல்டரில், யாரோடு, எந்தத் தேதி, என்ன நேரம் என்ற பெயரோடு எம்4ஏ கோப்புகளாக உட்கார்ந்திருக்கும். கோப்பின் பெயரிலேயே தேதி இருப்பது எவ்வளவு பெரிய உதவி என்பது கணக்கு முடிக்கும் நாளில் தெரியும். குரல் இருபக்கமும் தெளிவு. லாரி ஹாரன், கோழிச் சத்தம் எல்லாவற்றையும் தாண்டி எதிரில் இருப்பவர் சொன்ன எண் காதில் விழுகிறது. என் வரையில் இந்த ஃபோனின் 50 மெகாபிக்சல் கேமராவைவிட இதுதான் நல்ல கருவி.

நான் முதலில் எல்லா அழைப்பும் என்பதைப் போட்டுப் பார்த்தேன். அது வேண்டாம். மனைவியோடு, அம்மாவோடு பேசியதெல்லாம் கோப்பாகக் கிடப்பதைப் பார்த்ததும் கூசியது. குறிப்பிடும் எண்கள் என்பதற்கு மாறினேன். மற்றவர் அறியாமல் பதிவது பற்றிய உறுத்தல் அதனால் போய்விடவில்லை, குறைந்தது. சட்டம் இதில் தெளிவாக ஒரு பக்கம் நிற்பதில்லை. தம்பதியர் வழக்கில் ரகசியமாகப் பதிந்த பேச்சையும் சாட்சியமாகக் கொண்டுவரலாம் என்று உச்ச நீதிமன்றம் 2025 ஜூலையில் சொன்னது. வியாபார வழக்கென்றால் பாரதிய சாக்ஷிய அதிநியம் 63-ஆம் பிரிவின்படி சான்றிதழ், கோப்பின் ஹாஷ் மதிப்பு என்று தனிப் படலம் இருக்கிறது.

ஆனால் இங்கே யாரும் கோர்ட்டை நினைத்துப் பதிவதில்லை. டீக்கடை பெஞ்சில் ஸ்பீக்கரில் போட்டுக் காட்டத்தான். மாமனாரின் மைனஸ் தகராறு ஒன்றில் அது நடந்தது. என் ஃபோனிலிருந்து அவர் பேசிய அழைப்பு. வியாபாரி 35 பைசா என்கிறார், மாமனார் 25 என்கிறார். போட்டுப் பார்த்தோம். “சரி, முப்பத்தஞ்சு வெச்சுக்கங்க” என்று மாமனாரின் குரலே கணீரென்று வந்தது. கருவி யார் பக்கமும் இல்லை. அவர் சிரித்துக்கொண்டே டீக்குக் காசு கொடுத்தார். எனக்கு இந்த ஃபோன் மேல் மரியாதை வந்தது அந்த நிமிடத்தில்தான்.

குறைகளும் உண்டு. பவர் பட்டனை அழுத்திப் பிடித்தால் ஃபோன் அணையாது. ஜெமினி எழுந்து வந்து என்ன வேண்டும் என்று கேட்கும். அணைக்கும் பட்டன் அணைக்க வேண்டாமா? அமைப்புகளில் மாற்றலாம்தான். மாற்றத் தெரியாத எத்தனை பெரியவர்கள் ஃபோனை அணைக்க வழி தேடிக்கொண்டிருக்கிறார்களோ. 80,999 ரூபாய்க்கு அறிமுகமான ஃபோனின் பெட்டியில் சார்ஜர் கிடையாது. தனியாக வாங்கினாலும் வேகம் 25 வாட்தான். ஒன்பிளஸ் 13எஸ் 80 வாட் கொடுக்கும்போது இது கஞ்சத்தனம். பேசியதை எழுத்தாக்கும் செயற்கை நுண்ணறிவு வித்தைகளைப் பெரிதாக விளம்பரம் செய்கிறார்கள். 2024 ஜனவரியில் எஸ்24-உடன் அவை வந்தபோது 13 மொழிகளில் ஹிந்தி இருந்தது, தமிழ் இல்லை. மைனஸ் முப்பத்தஞ்சு என்பதை அது எழுத்தாக்கித் தேடவும் விட்டால் நான் சாம்சங் கட்சியில் சேர்ந்தே விடுவேன்.

வெயில் பற்றியும் ஒரு வார்த்தை. ஆப்பிளும் சரி, சாம்சங்கும் சரி, ஃபோனை 0 முதல் 35 டிகிரி வரையிலான சூழலில் பயன்படுத்தச் சொல்கிறார்கள். ஏப்ரல், மே மாதச் சேலத்தில் 35 என்பது காலை பதினோரு மணி. மீதி நாளுக்கு என்ன செய்வது என்று கையேட்டில் இல்லை.

வாங்கப் போகிறவர்களுக்கு: பிராண்டு பெயரை வைத்து முடிவு செய்யாதீர்கள். ஒன்பிளஸ், ஒப்போ, ரியல்மி ஃபோன்களுக்கு ஓடயலர் என்று தனி டயலர் பிளே ஸ்டோரில் வந்திருக்கிறது; எந்த மாடலில் எது இருக்கும் என்பது மாறிக்கொண்டே இருக்கிறது. கடையிலேயே சிம்மைப் போட்டுப் பக்கத்தில் நிற்பவருக்கு ஒரு கால் செய்து, பதிவைத் தொட்டு, அவர் காதில் குரல் கேட்கிறதா என்று பாருங்கள். மகன் அமெரிக்காவிலிருந்து சாம்சங் கொண்டுவருகிறான் என்றால் இன்னும் உஷார். அங்கே விற்கும் சாம்சங்குகளில் இந்த வசதியைக் கொடுக்காமலே வைத்திருந்தார்கள்.

மாமனாருக்கு எஸ்25-ஐயே சிபாரிசு செய்யலாம் என்று போனேன். இதற்குள் வியாபாரிகளும் விவரமாகிவிட்டார்கள். மைனஸ் பேசும் நேரம் வந்தால், “வாட்ஸ்அப்ல வாங்க” என்று சொல்லி வைத்துவிடுகிறார்களாம்.

“வாட்ஸ்அப் கால் இதுல பதிவாகுமுங்களா?”

“ஆகாதுங்க மாமா.”

“அப்பறம் எதுக்குங்க எம்பதாயிரம்?”

அதே டயலர், அதே பதிவு வசதி சாம்சங்கின் விலை குறைந்த எம் வரிசையிலும் இருக்கிறது. அவர் அதில் ஒன்றை வாங்கிக்கொண்டார்.