லைசென்ஸ் கேட்காத தாளம்

உப்பு யாத்திரைக்கு நாமக்கல் கவிஞர் ராமலிங்கம் பிள்ளை எழுதிக் கொடுத்த நடைப்பாட்டைப் பள்ளிக்கூட ஆண்டுவிழாப் பாட்டு என்று ஒதுக்குகிறவர்களோடு எனக்கு நெடுநாள் வழக்கு உண்டு. கருத்து இருக்கிறது, கவித்துவம் இல்லை, பாரதி பக்கத்தில் வைக்க முடியுமா என்பது அவர்கள் கட்சி. உட்கார்ந்து வாசித்தால் அப்படித்தான் படும். அந்தப் பாட்டு உட்கார்ந்து வாசிப்பவருக்காக எழுதப்படவில்லை. ‘கத்தியின்றி ரத்தமின்றி’ என்ற முதல் அடிக்குத் தாளம் போட்டுப் பாருங்கள்: திஸ்ர நடை, ஒரு காலடிக்கு மூன்று மாத்திரை. அந்த மூன்றில் முதல் இரண்டு ஒற்றெழுத்தில் போய் அழுந்துகின்றன, மூன்றாவது விட்டுக்கொடுக்கிறது. கால் ஊன்றுவதும் எடுப்பதும் அதே கணக்குதான். வல்லின ஒற்று அடுத்தடுத்து எதுகையாக விழுவதால் பக்கவாத்தியமே வேண்டாம், வாயே பறையாகிவிடுகிறது. 1930 ஏப்ரல் 13 அன்று திருச்சியில் டி.எஸ்.எஸ். ராஜன் வீட்டிலிருந்து சுமார் நூறு பேர் வேதாரண்யத்துக்குப் புறப்பட்டார்கள். தூரம் ஏறக்குறைய நூற்றைம்பது மைல். யாத்திரைக்காரர்களுக்குச் சோறோ இடமோ கொடுத்தால் தண்டனை என்று தஞ்சாவூர் கலெக்டர் தார்ன் உத்தரவு போட்டிருந்தார். அந்த நிலையில் தேவைப்பட்டது சுமக்க வேண்டாத, பறிமுதல் செய்ய முடியாத ஓர் இசை. ராமலிங்கம் பிள்ளை அதைச் செய்து கொடுத்தார். இதை வெறும் கருத்துப் பாட்டு என்பவர்கள் கால்களால் கேட்டதில்லை என்றுதான் சொல்வேன்.

அந்த நடை எதை எதிர்த்து என்பதை இசை ரசிகர்கள் மறந்துவிடுகிறார்கள், பொருளாதாரம் பேசுகிறவர்கள் பாட்டை மறந்துவிடுகிறார்கள். 1882ஆம் ஆண்டு உப்புச் சட்டம் உப்புக் காய்ச்சும் உரிமையைச் சர்க்காரின் ஏகபோகமாக்கி வைத்திருந்தது. கடற்கரையில் கிடக்கும் உப்பை அள்ள அனுமதி வேண்டும் என்பதுதான் சண்டை. யாத்திரைக்குத் தலைமை தாங்கியவர் ஓசூருக்குப் பக்கத்துத் தொரப்பள்ளியில் பிறந்த ராஜாஜி. அவரே 1952இல் முதலமைச்சராக உணவுக் கட்டுப்பாட்டை எடுத்தார், 1959இல் சுதந்திரா கட்சியைத் தொடங்கி ‘பெர்மிட்-லைசென்ஸ்-கோட்டா ராஜ்யம்’ என்று தில்லியைச் சாடினார். தியாகி ராஜாஜி வேறு, முதலாளிகளின் ராஜாஜி வேறு என்று பிரித்துப் பார்ப்பது நம் வழக்கம். எனக்கு இரண்டும் ஒரே குரலாகத்தான் கேட்கிறது: நீ யார் எனக்கு அனுமதி தர?

பங்க் இசையிலும் நான் தேடுவது இந்தக் குரலைத்தான். செக்ஸ் பிஸ்டல்ஸ்தான் பங்க் என்று சாதிப்பவர்கள் சில மாதங்களுக்குள் அந்தக் குழு ஈஎம்ஐ, ஏ அண்ட் எம், வர்ஜின் என்று மூன்று கம்பெனிகளில் கையெழுத்துப் போட்டதை ஏனோ சாகசமாகச் சொல்கிறார்கள். என் ஓட்டு மான்செஸ்டரின் பஸ்காக்ஸுக்கு. நண்பர்களிடமும் குடும்பத்தாரிடமும் 500 பவுண்டு கடன் வாங்கி, சொந்தமாக ஒரு லேபிள் வைத்து, 1977 ஜனவரியில் நான்கு பாட்டு கொண்ட இசைத்தட்டைத் தாங்களே வெளியிட்டார்கள். முதலில் போட்டது ஆயிரம் பிரதி. உறையில் ஒவ்வொரு பாட்டும் எத்தனையாவது முயற்சியில் பதிவானது என்று அச்சிட்டிருந்தார்கள். இவ்வளவுதான் ஆகும், நீயும் செய்யலாம் என்று அந்த உறை சொல்லிவிடுகிறது. இது கடை வைப்பதுதானே, கலகம் எங்கே என்று இடதுசாரி நண்பர்கள் கேட்பார்கள். கடை வைப்பதுதான். தாட்சரைக் கடைசிவரை வெறுத்த கிராஸ் குழுவும் கடைதான் வைத்தது. இதற்குமேல் காசு கொடுக்காதே என்று தட்டின் உறையிலேயே விலையை அச்சடித்து விற்றது. சந்தையைத் திட்டிக்கொண்டே சந்தையை இவ்வளவு ஒழுங்காக நடத்தியவர்கள் குறைவு.

தமிழில் இந்த மரபின் வாரிசு யார் என்று கேட்டால் பலர் ராப் பாடகர்களைக் காட்டுவார்கள். நான் முதலில் கோவனைச் சொல்வேன். மதுவின் சில்லறை விற்பனை 2003 முதல் டாஸ்மாக்கின் ஏகபோகம். அதை மூடச் சொல்லிப் பாடியதற்காக மக்கள் கலை இலக்கியக் கழகத்தின் கோவன் 2015 அக்டோபர் 30 அன்று கைதானார். தேசத்துரோகப் பிரிவும் போடப்பட்டது. ஊர் மறுபடியும் திருச்சி, எதிரே மறுபடியும் சர்க்கார் வியாபாரம். பறையும் சில குரல்களும் இருந்தால் தெருமுனையில் அரங்கேறிவிடும் பாட்டுக்கு அத்தனை பெரிய சட்டப்பிரிவு தேவைப்பட்டது என்பதே அதற்கான விமர்சனப் பாராட்டு. கோவன் சந்தைக்கு ஆதரவாகவா பாடினார், அவர் கேட்டது மூடத்தானே என்ற ஆட்சேபம் நியாயமானது. அவருடைய அரசியல் சுதந்திரா கட்சிக்கு நேர் எதிர்த் திசை. ஆனால் வியாபாரியும் காவலரும் ஒரே ஆளாக இருந்தால் பாட்டுக்கு என்ன நேரும் என்பதற்கு ராஜாஜியின் பத்துக் கட்டுரைகளைவிட அந்த ஒரு கைது தெளிவான சான்று.

ராஜாஜியை வைத்து இந்த வாதத்தைக் கட்டுவதில் பெரிய ஓட்டை ஒன்று உண்டு. 1937இல் மதுவிலக்கை முதலில் கொண்டுவந்தது அன்றைய சேலம் ஜில்லாவில், அதாவது இன்றைய ஓசூர், கிருஷ்ணகிரி, சிங்காரப்பேட்டை எல்லாம் சேர்ந்த பகுதியில், அவருடைய அரசுதான். போன வருமானத்தை ஈடுகட்ட 1939இல் விற்பனை வரி போட்டதும் அவர்தான். இந்தி எதிர்ப்பாளர்களைச் சிறைக்கு அனுப்பியதும் அதே ஆட்சி. இவற்றைக்கூட அதிகாரத்தில் இருப்பவரின் வழக்கமான சறுக்கல் என்று விட்டுவிடலாம். 1953ஆம் ஆண்டு கல்வித் திட்டத்தை அப்படி விட முடியாது. பாதி நாள் பள்ளி, மீதி நாள் வீட்டில் அப்பன் தொழில். இரண்டு ஷிப்டில் அதிகப் பிள்ளைகளைச் சேர்ப்பதே நோக்கம் என்று இன்றும் வாதாடுகிறார்கள். நோக்கம் அதுவாகவே இருக்கட்டும், மீதி நாளில் யார் எந்தத் தொழிலைக் கற்பது என்பதைப் பிறப்பு முடிவு செய்தது. சாதி தொழிலை மட்டுமல்ல, தொழிலாளரையே பிரித்து அடுக்குகிறது என்று அம்பேத்கர் 1936இலேயே எழுதிவிட்டார். இந்த நாட்டின் மிகப் பழைய லைசென்ஸ் ராஜ்யம் அதுதான். யார் எந்தத் தெருவில் நடப்பது, யார் எந்தத் தோலைத் தொட்டு அடிப்பது என்பதற்கெல்லாம் பெர்மிட் வைத்திருந்த ராஜ்யம். தில்லியின் கோட்டாவைக் கண்டுகொண்ட கூர்மையான கண்ணுக்கு ஊருக்குள் இருந்த இது தெரியவில்லை.

அந்த மீதிப் பாதி வாதத்தை முடித்து வைத்தவர்கள் என்பதால்தான் 2018 ஜனவரி 6 அன்று சென்னையில் மேடையேறிய தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் எனக்கு முக்கியம். பா. ரஞ்சித்தும் டென்மாவும் சேர்த்த குழு, பெயரின் வேர் அயோத்திதாசரிடம். கானா ரசிகர்கள் கிடார் வந்து கானாவைக் கெடுத்தது என்கிறார்கள், ராக் ரசிகர்கள் மேடையில் கூட்டம் அதிகம் என்கிறார்கள். இருவரும் சட்டியைக் கவனிப்பதில்லை. சாவு வீட்டில் மட்டும் ஒலிக்க அனுமதிக்கப்பட்ட சட்டியும் கட்ட மோளமும் அங்கே டிரம்ஸுக்கும் மின்கிடாருக்கும் சமமாக நின்றன. சட்டியின் வறண்ட அடி கிடாரின் இரைச்சலுக்குள் அமுங்காமல் மேலே மிதக்கிறது. டென்மா அதை மெருகேற்றவில்லை, எதிரொலி பூசவில்லை. பஸ்காக்ஸ் உறையில் அச்சிட்டதை இவர்கள் ஒலியிலேயே வைத்துவிட்டார்கள்.

இப்போது வருவதைக் கேட்டால் ஏமாற்றம்தான். சிங்காரப்பேட்டைப் பக்கத்துத் திருவிழாக்களில் பறை நின்ற இடத்தைப் பாக்ஸ் கட்டிய டிராக்டர் பிடித்துக்கொண்டது. கலகப் பாட்டு கதாநாயகன் அறிமுகப் பாட்டாகி, தணிக்கைச் சான்றிதழ் வாங்கிக்கொண்டு ஊர்வலம் வருகிறது. சினிமாவுக்கு வெளியே 2021இல் உலகமெல்லாம் சுற்றிய ‘எஞ்சாயி எஞ்சாமி’க்குத் தமக்கு எந்த வருமானமும் வரவில்லை என்று 2024இல் இசையமைப்பாளர் சந்தோஷ் நாராயணன் வெளிப்படையாகச் சொன்னார். இது சந்தை தோற்ற கதை என்று சிலர் முடித்துக்கொண்டார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. உழைப்பவருக்கு விளைச்சல் சொந்தம், எழுதிய ஒப்பந்தம் நிற்க வேண்டும் என்பது சுதந்திரச் சந்தைக்காரர்களின் முதல் பாடம். பாடலாசிரியருக்கும் இசையமைப்பாளருக்கும் ராயல்டி உரிமையை உறுதிசெய்ய 2012இல் பதிப்புரிமைச் சட்டமே திருத்தப்பட்டது. அப்படியிருந்தும், தொழிற்பேட்டை மனைக்கு ஒற்றைச் சாளர அனுமதி தாமதமானால் தலையங்கம் எழுதுகிறவர்கள், ஒரு பாட்டுக்காரரின் சொத்துரிமை என்று வந்தபோது பேனாவைத் திறக்கவில்லை.