அமுக்கிய பிறகும் பேசும் கட்டை

பழைய சிந்தசைசர் பிரியர்கள் இரண்டு பேர் சந்தித்துவிட்டால் ஐந்தே நிமிடத்தில் ‘அனலாக் கதகதப்பு’ வந்து விழுந்துவிடும். எனக்கு அதில் பெரிய நம்பிக்கை கிடையாது. மினிமூகின் பேஸ் கனமானதுதான், ப்ராஃபெட்-5இன் ஸ்ட்ரிங்ஸ் குழைவானதுதான். ஆனால் சத்தம் மட்டும்தான் வேண்டுமென்றால் இன்றைக்கு மடிக்கணினியே போதும். கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் பல நேரம் எது பெட்டி, எது மென்பொருள் என்று எனக்குத் தெரிவதில்லை. தெரியும் என்று சத்தியம் செய்கிறவர்களில் பாதிப் பேருக்கும் தெரியாது என்பது என் சந்தேகம். அப்புறமும் ஏன் நாற்பது வருடப் பழைய பெட்டிக்கு நல்ல கார் வாங்கும் காசைக் கொட்டுகிறார்கள்? கைதான் காரணம் என்பேன். அவற்றில் சில பெட்டிகள் வாசிப்பவரின் விரலுக்கு மரியாதை கொடுத்தன. அந்த வரிசையில் முதல் நாற்காலி யமஹா சிஎஸ்-80க்கு.

1977இல் வந்தது. எடை கிட்டத்தட்ட 100 கிலோ. ஒருவராகத் தூக்கிப் போக முடியாது, ஆள் பலம் வேண்டும். ஒரே நேரத்தில் எட்டுக் குரல், ஒவ்வொரு குரலுக்கும் இரண்டு அடுக்கு, ஆக 16 ஆசிலேட்டர்கள். அறையின் வெப்பம் கொஞ்சம் மாறினால் போதும், ஒவ்வொன்றும் ஒவ்வொரு பக்கம் நழுவும். நாம் உண்டாக்கிய சத்தத்தைச் சேமிக்க வேண்டுமென்றால் ஒரு சின்ன மூடியைத் திறந்து, உள்ளே இருக்கும் பொடிப் பொடி ஸ்லைடர்களை நகத்தால் நகர்த்தி வைக்க வேண்டும். அப்படி நாலே நாலு சத்தம்தான் வைத்துக்கொள்ளலாம். யமஹா தனக்கென்று செய்துகொண்ட சில்லுகள் உள்ளே இருப்பதால், கெட்டுப்போனால் இன்னொரு செத்த சிஎஸ்-80இலிருந்துதான் உறுப்புதானம்.

இத்தனை குறையையும் மன்னிக்க வைப்பது அந்த 61 கட்டைகளுக்கும் அடியில் தனித்தனியாக இருக்கும் அழுத்த உணரிகள். நாலு விரலால் ஒரு கார்டைப் பிடித்துக்கொண்டு, மோதிர விரலை மட்டும் இன்னும் கொஞ்சம் அமுக்குங்கள். அந்த ஒரு சுரம் மட்டும் வெளிச்சமாகும், மேலே வரும், நடுங்கத் தொடங்கும். மற்ற மூன்றும் இருந்த இடத்திலேயே இருக்கும். நாலு பேர் சேர்ந்து பாடும்போது ஒருவர் மட்டும் குரலைத் தூக்கிக் கொடுப்பது மாதிரி. கட்டைகளுக்கு மேலே வெல்வெட் துணி மாதிரி நீளும் ரிப்பன் வேறு. அதில் விரலை எங்கே வைத்தாலும் அதுவே தொடக்கம், அங்கிருந்து இழுத்தால் சுருதி வழுக்கும்.

இதைக் கையில் எடுத்த ஒரே ஆள் கிரேக்க இசையமைப்பாளர் வாங்கெலிஸ் என்று சொன்னால் சண்டைக்கு வருவார்கள். ஸ்டீவி வொண்டரிடம் இருந்தது, டோட்டோ ‘ஆப்பிரிக்கா’வில் வாசித்தார்கள், எல்லாம் சரி. அவர்களுக்கு அது நல்ல பித்தளைச் சத்தம் தரும் கீபோர்டு. வாங்கெலிஸுக்கு அது வாத்தியம். தன் வாழ்க்கையில் மிக முக்கியமான சிந்தசைசர் இதுதான் என்று அவரே பேட்டியில் சொல்லியிருக்கிறார். இசைக்குறிப்பு எழுதவோ படிக்கவோ தெரியாத மனிதர். லண்டனில் தன் நெமோ ஸ்டுடியோவில் படத்தை ஓடவிட்டு, பார்த்துக்கொண்டே வாசித்தவர். அப்படிப்பட்டவருக்கு விரலில்தானே எல்லாம் இருக்க முடியும்?

ஆஸ்கர் கிடைத்தது ‘சேரியட்ஸ் ஆஃப் ஃபயர்’ படத்துக்கு. ஓட்டப் பந்தயம் என்றாலே அதைப் போட்டுப் போட்டுத் தேய்த்துவிட்டார்கள். நான் அவரே இசையமைத்த ‘பிளேட் ரன்னர்’ படத்தின் கட்சி. அதன் தொடக்கத்தைக் கவனியுங்கள். இருட்டில் ஒரு பெரிய முழக்கம், அதன் எதிரொலி கரைவதற்குள் நகரம் விரிகிறது, கோபுர வாயிலிருந்து நெருப்பு. அப்போது அந்தப் பித்தளைக் குரல் வருகிறது. ட்ரம்பெட் மாதிரி முட்டிக்கொண்டு வராது. மங்கலாகத் தொடங்கி, கட்டை கீழே போன பிறகுதான் விழித்துக்கொள்கிறது. நீளமாக நிற்கும் சுரங்களில் நடுக்கம் முதலிலேயே இருக்காது, பாதி வழியில்தான் சேரும். மோட்டார் போலச் சீராகவும் சுற்றாது. விரல் எவ்வளவு சாய்கிறதோ அவ்வளவுதான். முடியும் இடத்தில் சுருதி ஒரு நூல் தாழ்ந்து போகிறது. நான் முதலில் கேட்டது தேய்ந்த வீடியோ கேசட்டில், இரைச்சலுக்கு நடுவில். அப்போதே யாரோ ஊதுகிறார்கள் என்றுதான் நினைத்தேன்.

1982இல் படம் வந்தபோது வாங்கெலிஸின் இசைத்தட்டு வரவில்லை. நியூ அமெரிக்கன் ஆர்கெஸ்ட்ரா திரும்ப வாசித்த ஒன்றைத்தான் விற்றார்கள். ஒரு ஆர்கெஸ்ட்ராவே உட்கார்ந்து வாசித்தும் அந்த உயிர் வரவில்லை. அசல் ஆல்பத்துக்கு 1994 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. மின்சாரப் பெட்டிக்கு உயிர் இல்லை என்று பேசுகிறவர்களிடம் இந்த இரண்டையும் அடுத்தடுத்துப் போட்டுக் காட்டலாம்.

பேசும் குரலின் வடிவத்தை சிந்தசைசர் சத்தத்தின் மேல் ஏற்றும் வோகோடரிலும் எனக்குப் பிடிப்பது இதே விஷயம்தான், விரலுக்குப் பதில் வாய். கிராஃப்ட்வெர்க் ரசிகர்கள் அதன் இயந்திரத்தன்மையைக் கொண்டாடுவார்கள், கொண்டாடட்டும். நான் கேட்பது லாரி ஆண்டர்சனின் ‘ஓ சூப்பர்மேன்’. பத்துப் பட்டை, இருபது பட்டை என்று ஃபில்டர்களால் குரலை அரித்து எடுக்கும்போது வல்லின மெய்கள்தான் முதலில் மழுங்கும். அதனால் பாடுகிறவர் ஒவ்வொரு எழுத்தையும் கூடுதல் கவனத்தோடு உதிர்க்க வேண்டும். அந்தக் கவனம் கேட்கிறவருக்குக் கனிவாகப் படுகிறது. நீல் யங்கின் ‘டிரான்ஸ்’ ஆல்பத்தை ரசிகர்களே திட்டினார்கள், இசைத்தட்டு நிறுவனம் வழக்கே போட்டது. பெருமூளை வாதத்தால் பேச முடியாத மகனோடு பேசும் முயற்சியிலிருந்து பிறந்த இசை என்று தெரிந்துகொண்டு கேட்டால், அந்தத் தெளிவில்லாத குரல் வேறு மாதிரி காதில் விழும். இன்று ஆட்டோட்யூனில் முறுக்கிய குரலையெல்லாம் வோகோடர் என்கிறார்கள். 1998இல் ஷெரின் ‘பிலீவ்’ பாட்டைச் செய்தவர்களே ஆட்டோட்யூனை மறைக்க வோகோடர் பெடல் என்று பத்திரிகையில் கதைவிட்டார்கள். குழப்பம் அங்கேயே தொடங்கிவிட்டது. ஆட்டோட்யூன் பாடியவரின் தவறைத் திருத்துகிறது. வோகோடர் திருத்தாது, வாயில் வருவதைத்தான் எடுத்துக்கொள்ளும்.

சிஎஸ்-80ஐ வீழ்த்தியது முதலில் ப்ராஃபெட்-5. 1978இல் வந்த அந்தப் பெட்டி 40 சத்தங்களை நினைவில் வைத்துக்கொண்டது. எவ்வளவு வேகமாகத் தட்டினாலும் ஒரே மாதிரி ஒலிக்கும் கட்டைகள்தான் அதில். யாருக்கும் அது குறையாகவே படவில்லை. 1983இல் யமஹாவே டிஎக்ஸ்7 கொண்டுவந்தது. ஒருவர் கையில் தூக்கிப் போகலாம், சுருதி நழுவாது, 16 குரல், விலையும் மலிவு. ஒரு விரலை அமுக்கினால் எல்லா சுரமும் சேர்ந்து நடுங்கும், அதுதான் வித்தியாசம். அதன் மணியோசை பியானோ எனக்கும் பிடிக்கும், எண்பதுகளின் சினிமாப் பாட்டில் வளர்ந்தவனுக்குப் பிடிக்காமல் இருக்குமா? 1986இல் ‘புன்னகை மன்னன்’ படத்தில் இளையராஜா கணினியைக் கொண்டுவந்தபோது அந்தச் சீரான துடிப்பே அழகாக இருந்தது. ஆனால் அது ராஜா.

என் வயிற்றெரிச்சல் அதற்குப் பிறகு வந்தவற்றின் மேல். கல்யாண மண்டபத்து லைட் மியூசிக் மேடையில் முன்பு கீபோர்டு வாசிப்பவரின் இடது கை ஒரு நிமிடம் சும்மா இருக்காது. இப்போது தானாக ஓடும் தாள ஸ்டைலைப் போட்டுவிட்டு அந்தக் கையில் போன் பார்க்கிறார்கள். சுருதியை வளைக்கும் பிட்ச் வீலை மட்டும் வைத்துக்கொண்டு கீபோர்டு சத்யநாராயணன் முழுக் கர்நாடகக் கச்சேரி செய்யும் ஊர் இது. வீல் இருக்கும் கீபோர்டிலும் அதைத் தொடாமலே முழுப் பாட்டையும் முடித்துவிடுகிறவர்களைப் பார்க்கும்போது எரிச்சல் வராமல் என்ன செய்யும்?

சிஎஸ்-80 நமக்குக் கிடைக்கப் போவதில்லை. அதன் வழியில் வந்த டெக்கார்ட்ஸ் ட்ரீம் இருக்கிறது, கட்டைக்குக் கட்டை அழுத்தம் உணரும் ஹைட்ராசிந்த் 2019இலிருந்து விற்பனையில் இருக்கிறது. பிள்ளைக்குக் கீபோர்டு வாங்கப் போகிறவர்கள் எத்தனை சத்தம், எத்தனை ஸ்டைல் என்று கேட்பதற்கு முன்னால் இரண்டு கட்டையைச் சேர்த்துப் பிடித்து, ஒன்றை மட்டும் அமுக்கிப் பாருங்கள். அது மட்டும் மாறினால், கையிருப்பு இடம் கொடுத்தால், தயங்காமல் வாங்கிவிடுங்கள்.